எவ்வளவு எடுத்தீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் பழைய கார் விற்பனைப் பகுதியை நான் விடாமல் படிப்பேன். ‘சிங்கிள் ஓனர், நல்ல கண்டிஷன், புது பாலிஷ் போட்டது’ என்று இருக்கும். இரண்டு வருடம் முன்புவரை அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்தால் வண்டியை அக்கறையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது எத்தனையாவது பாலிஷ், பெயிண்ட் மிச்சம் எவ்வளவு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதாக இருந்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருடம் கிரைண்டிங் மெஷின் ஓட்டினேன். ஐ.டி.ஐ.யில் படித்ததும் மெஷினிஸ்ட் கிரைண்டர்தான். ஷாஃப்ட், புஷ், ஸ்பிண்டில் என்று வந்ததையெல்லாம் மைக்ரோமீட்டரில் பார்த்துப் பார்த்துத் தேய்க்கிற வேலை. சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் சொன்னது ஒன்று: அளவு கூட இருந்தால் மறுபடி மெஷினில் ஏற்றலாம், குறைந்துபோனால் ஸ்கிராப். தேய்த்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அது கார் பெயிண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் வண்டி கெட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம் பேச்சிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பாலிஷ் போடுவது’ என்கிறோம். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறோம், கதவுக்கு வார்னிஷ் போடுகிறோம். இரண்டிலும் மேலே ஏதோ ஒன்று சேர்கிறது. காருக்கு மெஷினில் செய்கிற பாலிஷில் எதுவும் சேர்வதில்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பெயிண்டைச் சீவி எடுத்து, மேற்பரப்பைச் சமமாக்குகிறார்கள். சமமானதால் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, நமக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. ‘போடுவது’ என்றே பழகிவிட்டதால், “தீபாவளி வருது, ஒரு பாலிஷ் போட்டுடுப்பா” என்று வருடத்துக்கு ஒரு தடவை சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

என் வண்டி 2012ஆம் வருடத்து கறுப்பு ஸ்விஃப்ட். எங்கள் தெருவில் கார் நிறுத்த நிழல் கிடையாது. வீட்டு போர் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளை வட்டம் நின்றுவிடும். தங்கை மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியையே எடுக்கலாம் என்று முடிவானதும், பக்கத்தில் இருந்த ஒரு பாலிஷ் கடையில் விட்டேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. காலை 10 மணிக்கு விட்டு மதியம் 1 மணிக்கு எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. மண்டபத்து வாசலில் நாலு பேர் ‘புது வண்டியா?’ என்று கேட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து ஒரு கழுவு கழுவினேன். மதிய வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வளைவு வளைவாக, ரிப்பன் பறப்பது போல வெளிச்சக் கோடுகள். இதை ஹோலோகிராம் என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாலிஷ் மெஷினின் முனையில் மாட்டுகிற கம்பளி பேடை வைத்து வேகமாக ஓட்டிவிட்டு, அதன் தடத்தை அடுத்த சுற்றில் எடுக்காமல் விட்டால் வருவது. கடையில் எண்ணெயும் மெழுகும் அந்தத் தடத்தை மூடியிருந்தன. ஷாம்பு பட்டதும் மூடி கழன்றுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மூன்று மாதத்தில் பானெட்டின் இடது பக்கம் எழும்பி நிற்கிற பாடி லைன் மேல் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலாக ஒரு பட்டை தெரிந்தது. துடைத்தால் போகவில்லை. தடவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வறண்டு இருந்தது. கடையில் கேட்டபோது வெயில்தான் காரணம் என்றார்கள்.

என் நண்பர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கார் ஃபேக்டரியின் பெயிண்ட் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். அப்புறம், “கிளியர் போயிடுச்சு. இனி இது பெயிண்ட் வேலைதான்” என்றார். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன கணக்கைத்தான் எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

தகட்டின் மேல் முதலில் இ.டி. கோட். பாடியை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஒட்டவைக்கிற கோட். துரு பிடிக்காமல் காப்பது இதுதான். சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர் 30, 35. அதற்கு மேல் நிறம், அதாவது பேஸ் கோட், 15 சொச்சம். கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட், சுமார் 40. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 110 மைக்ரான் பக்கம் வரும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும், குறையும். நம் தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அப்படியென்றால் வண்டியின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியின் பருமனைவிடக் குறைந்த கனத்தில் இருக்கிறது. எங்கள் ஷாப் ஃப்ளோர் பாஷையில் சொன்னால் 40 மைக்ரான் என்பது ஒன்றரை தவ். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒன்றரை தவ் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றரை தவ் எடுக்க மெஷினில் எத்தனை கட் விடுவோம், ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே எத்தனை தடவை அளப்போம் என்பது என் கைக்குத் தெரியும். அந்தக் கடையில் அளக்கவே இல்லை.

வெயிலைத் தாங்குகிற பொருளும் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. அதை மெலிய வைத்துவிட்டால் சென்னை வெயிலில் வெளுத்து, ஓரத்தில் தோல் உரிந்து, வெள்ளைத் திட்டாகிவிடும். பழைய வண்டிகளின் டாப்பிலும் பானெட்டிலும் பார்த்திருப்பீர்கள். மறுபடி அடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஃபேக்டரியில் பெயிண்டைச் சூளையில் 140 டிகிரி வரை சூடாக்கி இறுக்குகிறார்கள். வெளியே ஒர்க்‌ஷாப் பூத்தில் அவ்வளவு சூடாக்க முடியாது, பொதுவாக 60 டிகிரி பக்கம்தான். வண்டியில் பிளாஸ்டிக், ரப்பர், வயர் எல்லாம் இருக்கிறதே. ஃபேக்டரி பெயிண்ட் ஒரு தடவைதான்.

சரி, இதை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதே மாதம் ஓய்வும் பெற்றிருந்தேன். நண்பர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆறு மாதத்துக்கு உங்கள் வண்டியில் கை வைக்கக் கூடாது. இருவரும் பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போனோம். அங்கே கழற்றிய கதவும் பானெட்டும் புத்தகம் அடுக்கியது போல நிற்கும். ஒரு சிவப்பு பானெட் எடுத்தோம். பெயிண்ட் கனம் அளக்கிற கருவியை நண்பர் கொடுத்தார். கையடக்கமானது, முனையைத் தகட்டில் வைத்தால் மைக்ரானில் எண் காட்டும். பானெட்டில் ஐந்து இடம் வைத்துப் பார்த்தோம். 108, 112, 115, 110. வலது மூலையில் மட்டும் 390. அந்த மூலை என்றோ இடிபட்டு, பட்டி வைத்து, மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு கருவியைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போகலாம்.

மெஷின் இரண்டு வகை. ஒன்று ரோட்டரி, ஒரே அச்சில் சுற்றுவது. கடைகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 180 மில்லிமீட்டர் கம்பளி பேடை 2000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போகிறது. நான் ஓட்டிய கிரைண்டிங் வீல்கள் நொடிக்கு 30 மீட்டர் பக்கம் போகும். அவை இரும்பைத் தேய்க்க, அதுவும் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் ஊற்றிக்கொண்டே. இங்கே கூலன்ட் இல்லை. ஒன்றரை தவ் பெயிண்டின் மேல், அந்த வீல் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவான வேகத்தில் கம்பளி சுற்றுகிறது. இன்னொரு வகை டூயல் ஆக்‌ஷன். இதில் அச்சே சின்ன வட்டம் அடிக்கும், பேட் அதன் போக்கில் மெதுவாகச் சுற்றும். ஒரே புள்ளியில் சூடு சேராது. ரொம்ப அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சும்மா அதிரும், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. பேட் ஒட்டுகிற தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது, நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம்.

முதல் நாள் பேட் முழுக்கக் காம்பவுண்டை, அதாவது பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற பசையைத் தடவி, பானெட்டில் வைப்பதற்கு முன்பே சுவிட்சைப் போட்டேன். சுவரிலும் கொடியில் காய்ந்த என் மனைவியின் புடவையிலும் வெள்ளைப் புள்ளிகள். அடுத்த நாள் மதியம் வெயிலிலேயே வைத்து ஓட்டினேன். காம்பவுண்ட் நொடியில் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு காலை 6 மணிக்கு, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு போதும். அதை மெஷினை ஓட்டாமல் பானெட்டில் அங்கங்கே ஒற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கட்டம். கை நகர்வது நொடிக்கு ஓர் அங்குலம். முதல் வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூட வேண்டும். இடமிருந்து வலம் ஒரு சுற்று, மேலிருந்து கீழ் ஒரு சுற்று, இப்படி நாலு. பொறுமையான வேலை. கோலத்துக்கு இழை இழுக்கிற மாதிரி என்று என் மனைவி சொன்னாள்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நண்பர் சொன்னபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கிரைண்டிங் வீல் அடைத்துக்கொண்டால் டைமண்டால் டிரெஸ்ஸிங் செய்வோம், அதாவது அடைத்த மேற்பரப்பைச் சீவி எடுப்போம். செய்யாவிட்டால் வீல் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும், வேலைப் பொருளில் நீலமாகக் கருகல் விழும். ஃபோம் பேடும் அதேதான். சீவி எடுத்த பெயிண்ட் அதில் சேரச் சேர, அது வெட்டுவதை விட்டுவிட்டுச் சூடாக்க ஆரம்பிக்கிறது. கடைகளில் ஒரே பேடில் முழு வண்டியையும் முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

துடைத்தவுடன் தெரிகிற பளபளப்பையும் நம்பக் கூடாது. காம்பவுண்டின் எண்ணெய் கீறலை மூடியிருக்கும். ஐ.பி.ஏ. என்கிற ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, எல்.இ.டி. டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டியூப் லைட்டுக்குக் கீழே எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். டெலிவரி எடுக்கும்போது வண்டியை வெயிலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

இனி அளவு. டூயல் ஆக்‌ஷனில் மென்மையான பேடை வைத்து ஒரே கட்டத்தை 10 தடவை முழுதாக ஓட்டினேன். 112 காட்டிய இடம் 109 காட்டியது. கருவிக்கே இரண்டு மூன்று மைக்ரான் முன்னே பின்னே இருக்கும், அதனால் இதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அடுத்த கட்டத்தில் ரோட்டரியில் கம்பளி பேடும் முரட்டுக் காம்பவுண்டும் வைத்து அதே 10 தடவை. 110 இருந்தது 95 ஆனது. இரண்டு கட்டமும் பார்க்க ஒரே மாதிரிதான் பளபளத்தன. ஒன்றில் கிளியர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் தடவிப் பார்த்தேன், கண்ணை மூடிப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

அதன் பிறகு நண்பர், “இப்போ வேணும்னே கெடுத்துப் பாருங்க” என்றார். ரோட்டரியை பானெட்டின் விளிம்பில், மடங்குகிற இடத்தில் வைத்தேன். விளிம்பில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். பேடின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டின் மேல் மட்டும் விழும். முதலில் பேடில் வெள்ளைத் தூள்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெள்ளைக் கம்பளியில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் விழுந்தது. நிறுத்தவில்லை. வளையம் சிவப்பானது. லேசான கருகல் வாடை. மெஷினை எடுத்துவிட்டுத் துடைத்தால், சிவப்பு நடுவே ஒரு நெல்மணி அளவுக்குச் சாம்பல் நிறம். அது பிரைமர். சுற்றிலும் பளபளப்பே இல்லாத சிவப்பு ஒரு கரை கட்டியிருந்தது, என் வண்டியின் பாடி லைன் மேல் இருந்த அதே வறண்ட பட்டை. எனக்கு என்ன நடந்தது என்பதை அந்த இடத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய காலத்து அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் கோட். அவற்றில் முதல் தேய்ப்பிலேயே பேடில் நிறம் வரும், அது தப்பு இல்லை. கிளியர் உள்ள வண்டியில் பேடில் நிறம் வந்தால் மெஷினை அந்த நொடியே நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் பம்பரிலும் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் அங்கேயே வைத்துக்கொள்ளும். சாதாரணக் கருவியால் பிளாஸ்டிக்கின் மேல் உள்ள பெயிண்டை அளக்கவும் முடியாது. விளிம்பு, பாடி லைன், பம்பர் மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குவதுதான் சரி. டேப் ஒட்ட அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைத்தான் பல கடைகள் மிச்சம் பிடிக்கின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகு இன்னொரு விஷயமும் உறைத்தது. பாலிஷ் செய்ய வேண்டிய நிலைமைக்கு வண்டியைக் கொண்டுபோவது பெரும்பாலும் நாம் தினமும் துடைக்கிற துடைப்புதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை 5 மணிக்கு ஒருவர் வருவார். கையில் ஒரு வாளி, ஒரு துணி. அதே தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கார். நாலாவது காருக்கு வரும்போதே வாளியின் அடியில் மணல். அந்த மணலோடு துணி போகிற வட்டம்தான் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாதம் ஒரு காருக்கு நாம் கொடுக்கிற காசுக்கு அவர் ஒரு துணிதான் வாங்க முடியும். வண்டிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, தூசியைத் தண்ணீர் ஊற்றி இறக்கிய பிறகு துடைக்கச் சொன்னால் போதும். தூசியோடு உலர்ந்த துணியால் துடைப்பதைவிட வண்டி அழுக்காகவே நிற்பது நல்லது. பனியன் வேஸ்ட் மெக்கானிக் கையில் கிரீஸ் துடைக்கத்தான். அது பெயிண்டில் படக் கூடாது. உப்புத் தண்ணீரில் கழுவினால் காயும் முன்பே ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாலிஷ் தொடங்கும் முன்பு பானெட், டாப், நாலு கதவு, டிக்கி, எல்லாவற்றிலும் கனத்தை அளந்து பில்லில் எழுதுங்கள். முடிந்த பிறகு அதே இடங்களில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கருவி காட்டுவது மொத்தக் கனம்தான், கிளியரை மட்டும் தனியாகக் காட்டாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முதலில் 110, பிறகு 107 என்று எழுதிக் கொடுத்தால் எவ்வளவு போனது என்று வண்டிக்காரருக்குத் தெரியும். அடுத்த வருடம் வேறு கடைக்குப் போனாலும் அந்தக் காகிதம் கையில் இருக்கும். 80க்குக் கீழே காட்டுகிற வண்டிக்கு, ‘சார், இதுக்கு மேல தேய்க்க வேண்டாம், மெழுகு மட்டும் போட்டுத் தரேன்’ என்று சொல்கிற கடைக்கு நான் ஆயுள் முழுக்க வாடிக்கையாளராக இருப்பேன். ஆழமான கீறலை முழுதாக எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நாமும் அடம்பிடிக்கக் கூடாது. நகம் வைத்துத் தடவினால் மாட்டுகிற கீறல், பாலிஷில் எடுக்கக் கூடியது இல்லை. அதன் ஓரத்தை மழுங்க வைத்துவிட்டு விட்டுவிடலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ.க்களில் ஆட்டோ பாடி பெயின்டிங் என்ற பிரிவு இருக்கிறது. அதில் படித்து வருகிறவர்கள் பெரிய சர்வீஸ் சென்டர்களுக்குப் போகிறார்கள். தெருமுனைக் கடையில் பாலிஷ் மெஷின் பிடிக்கிற பையன் எதிலும் படித்தவன் இல்லை. அவனுக்காகச் சாயங்கால நேரத்தில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று வைக்கலாம். பெயிண்ட் கனத்தோடு அவன் உயிருக்கான பாடமும் அதில் இருக்க வேண்டும். ஈரத்தரையில் செருப்பில்லாமல், ஒட்டுப்போட்ட வயரில் மெஷினைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க் இல்லாமல் அந்தத் தூளைச் சுவாசித்துக்கொண்டு பையன்கள் நிற்கிறார்கள். எங்கள் ஃபேக்டரியில் கண்ணாடி போடாமல் வீல் அருகே போனால் அன்றைக்கு வேலை கிடையாது. இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை.

அந்தப் பையன்களில் ஒருவனைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் வண்டியைத் தேய்த்தவனேதான். 19 வயது, திருவண்ணாமலைப் பக்கம். ஒருநாள் டீக்கடையில் பார்த்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன், அவன் கண் கலங்கிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு வண்டி முடிக்க வேண்டும் என்பது அவனுக்கு இருக்கிற கணக்கு. வீட்டுக்கு அழைத்து வந்து சிவப்பு பானெட்டைக் காட்டினேன். நெல்மணி அளவுச் சாம்பல் புள்ளியை அவன் விரலால் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான். “சார், இதுக்கு அடியில இவ்ளோதான் இருக்குன்னு எனக்கு யாருமே காட்டல” என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். போன வாரம் என் ஸ்விஃப்டின் கதவு நாலையும் அவனே செய்தான். பானெட்டைத் தொடவில்லை, அது மறுபடி பெயிண்ட் அடிக்கப் போகிறது. தொடங்கும் முன்பு கருவியைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு கதவிலும் மூன்று இடம் அளந்தான். அளந்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி, அந்தந்தக் கதவின் கண்ணாடி மேல் ஒட்டினான். 104, 101, 106. சாயங்காலம் முடித்ததும் கீழே இன்னொரு வரி எழுதினான். அந்த டேப்பை நான் இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரைண்டிங் தொழிலாளி,
கொரட்டூர், சென்னை.